தங்க முத்திரை போட்ட உறையும் நாலு வரி மின்னஞ்சலும்

கொங்குப் பக்கத்தில் ஒரு துணை அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் சகோதரி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மகள் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பாதி ஸ்காலர்ஷிப், மீதி வங்கிக் கடன். ஜிபிஏ எனப்படும் மதிப்பெண் சராசரி நான்குக்கு 3.86. போன மாதம் அவள் அறைக்கு ஒரு தடித்த உறை வந்தது. தங்க நிற முத்திரை, கெட்டித் தாள், உள்ளே ‘தேசிய ஹானர் சொசைட்டியில் சேர நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்’ என்று ஒரு கடிதம். (ஹானர் சொசைட்டி என்றால் நன்றாகப் படிக்கிற மாணவர்களைக் கௌரவிக்கும் சங்கம்.) கட்டணம் 95 டாலர், இரண்டு வாரத்துக்குள் கட்ட வேண்டும். குப்பையில் போடப் போன மகள், அம்மாவுக்குக் காட்டலாமே என்று படம் எடுத்து அனுப்பினாள். அம்மா அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட, வாழ்த்து குவிந்துவிட்டது. நியூ ஜெர்சியில் இருக்கும் நாத்தனார் மகன், “விட்றாதீங்க அத்தை, பின்னாடி கிரீன் கார்டுக்கு உதவும்” என்று சொல்லியிருக்கிறார்.

அதே வாரம் மகளுக்கு இன்னொரு அழைப்பும் வந்தது. ‘டௌ பீட்டா பை’ என்ற பெயரில், கல்லூரி மின்னஞ்சலில் நாலே வரி. வியாழக்கிழமை மாலை ஒரு வகுப்பறையில் கூட்டம், பீட்சா உண்டு. பெயரைக் கேட்டதுமே அம்மாவுக்குப் பகீரென்றது. கிரேக்க எழுத்துப் பெயர் வைத்த வீடுகளில் மாணவர்கள் குடித்துவிட்டுக் கூத்தடிப்பதை ஹாலிவுட் படங்களில் பார்த்திருக்கிறார். போதாக்குறைக்கு, “புதுசா சேர்றவங்களை ஏதோ உலோகத்தைத் தேய்க்க விடுவாங்களாம்” என்று மகள் சிரித்துக்கொண்டே சொல்ல, ராகிங்தான் என்று முடிவு செய்து, அதில் சேரக்கூடாது என்று சொல்லிவிட்டார். மகளோ, இரண்டும் வேண்டாம், நேரமில்லை என்கிறாள். ‘பல்கலைக்கழகமே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் கௌரவத்தை மறுத்தால் அவள் பெயரில் கரும்புள்ளி விழாதா? அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது?’ இதுதான் அவர் கேள்வி.

அன்புச் சகோதரி,

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். அந்தத் தங்க முத்திரைக் கடிதத்துக்கு உங்கள் மகள் பதிலே போடாவிட்டாலும் எந்தக் கரும்புள்ளியும் விழாது. அவளுடைய மதிப்பெண் பட்டியலில் அது ஏறாது, பேராசிரியர்களுக்குத் தெரியவராது, விசாவைத் தொடாது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் வேலைவாய்ப்பு ஆலோசனை அலுவலகத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அழைப்பை மறுத்ததால் யாருக்கும் எதுவும் குறைந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ‘சரி, இரண்டையும் விட்டுவிடலாம்’ என்று உங்கள் மகளோடு சேர்ந்து தலையாட்டவும் எனக்கு மனம் வரவில்லை. வந்த இரண்டு அழைப்பில் ஒன்று உண்மையிலேயே நல்லது. நீங்கள் வேண்டாம் என்று சொன்ன அந்த நாலு வரி மின்னஞ்சலைத்தான் சொல்கிறேன்.

உறையின் மூலையைப் பாருங்கள்

நீங்கள் இணைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உறையின் வலது மேல் மூலையில் தபால்தலை இல்லை. தபால் முத்திரையும் இல்லை. ஒரு சின்னக் கட்டத்துக்குள் ‘பிரீசார்ட்டட்’ என்று அச்சாகியிருக்கிறது. தபால் துறையில் இருக்கும் உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. மொத்தமாக அச்சடித்து, அனுப்புகிறவர்களே பின்கோடு வாரியாகப் பிரித்து, கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுக்கும் தபால். உங்கள் கவுன்டருக்கு வரும் கடன் அட்டை விளம்பரமும் இப்படித்தான் வரும். அதனாலேயே அது மோசடி என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மகள் ஒருத்தியை நினைத்து உட்கார்ந்து யாரோ எழுதிய கடிதம் அல்ல அது.

அப்படியானால் விலாசம் எப்படிக் கிடைத்தது? இங்கே மாணவர் தகவலைப் பாதுகாக்க 1974-இல் வந்த ‘ஃபெர்பா’ என்ற சட்டம் இருக்கிறது. மதிப்பெண்ணை மாணவர் சம்மதம் இல்லாமல் வெளியாருக்குத் தரக்கூடாது. ஆனால் பெயர், விலாசம், மின்னஞ்சல், பாடப்பிரிவு, பெற்ற கௌரவங்கள் போன்றவற்றை ‘டைரக்டரி தகவல்’ என்று பல்கலைக்கழகம் வகைப்படுத்தி வெளியே கொடுக்கலாம். ‘டீன்ஸ் லிஸ்ட்’ என்று பருவம்தோறும் வரும் நல்ல மாணவர் பட்டியல்கூட அதில் அடங்கும். வேண்டாம் என்றால் மாணவர் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் தடுக்கலாம். அதற்காக அவசரப்பட்டு எல்லாவற்றையும் அடைக்கச் சொல்லாதீர்கள். நாளை வேலை கொடுக்கிற நிறுவனம் ‘இந்தப் பெண் உங்களிடம் படித்தாளா’ என்று கேட்கும்போதும் பல்கலைக்கழகம் வாயைத் திறக்காமல் போகலாம்.

ஆக, ‘பல்கலைக்கழகமே தேர்ந்தெடுத்தது’ என்று நீங்கள் நினைத்தது சரியல்ல. பல்கலைக்கழகம் தானாகக் கொடுக்கும் கௌரவங்கள் வேறு. டீன்ஸ் லிஸ்ட் ஒன்று. பட்டம் வாங்கும்போது பெயரோடு சேரும் ‘கம் லாடே’, ‘மாக்னா கம் லாடே’, ‘சும்மா கம் லாடே’ என்ற லத்தீன் அடைமொழிகள் இன்னொன்று. (கடைசியில் வரும் ‘சும்மா’தான் அவற்றில் உச்சம்.) இவற்றுக்கு ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம். உங்கள் மகளின் 3.86-க்குப் பெரும்பாலும் இதில் ஏதோ ஒன்று வந்து சேரும். சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள அதுவே போதும்.

‘ஹானர் சொசைட்டி’ என்ற பெயரை வைத்துக்கொள்ள இங்கே யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. லாப நோக்கமில்லாத அமைப்பு என்று பதிவு செய்திருப்பதும் தரத்துக்குச் சான்று இல்லை, அது வரிச் சமாச்சாரம். தரம் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும் கூட்டமைப்பு ஒன்று 1925-இல் இருந்து இயங்குகிறது. பெயர் அசோசியேஷன் ஆஃப் காலேஜ் ஹானர் சொசைட்டீஸ். எல்லாப் பாடத்துக்கும் பொதுவான சொசைட்டி என்றால் வகுப்பில் முதல் 20 சதவீதத்துக்குள் இருப்பவர்களைத்தான் எடுக்க வேண்டும், ஒரு துறைக்கானது என்றால் முதல் 35 சதவீதத்துக்குள் என்று அது விதி வைத்திருக்கிறது. அதில் உறுப்பினராக இல்லாத நல்ல அமைப்புகளும் உண்டு. இருந்தாலும் தேட ஆரம்பிக்க அது நல்ல இடம்.

உங்கள் மகளிடம் மூன்றே மூன்று விஷயம் விசாரிக்கச் சொல்லுங்கள். அந்த அமைப்புக்கு அவள் வளாகத்தில் கிளை இருக்கிறதா, அதற்குப் பொறுப்பான பேராசிரியர் யார்? அழைப்பைத் தீர்மானித்தது அந்தக் கிளையா, அல்லது வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு தலைமை அலுவலகமா? போன வருஷம் அந்தக் கிளை என்ன செய்தது? மூன்றாவது கேள்விக்குப் பதிலாக ‘சான்றிதழ் வழங்கும் விழா’ மட்டும் வந்தால் 95 டாலரைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

கிரேக்க எழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்

இப்போது நீங்கள் பயந்த அந்தப் பெயருக்கு வருவோம். கிரேக்க எழுத்துப் பெயர்களுக்கெல்லாம் மூத்தது ஃபை பீட்டா கப்பா. 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் தொடங்கிய சங்கம். அப்போது அது ரகசியச் சங்கம். கூடிப் பேசுவது, விவாதிப்பது, தங்களுக்குள் கைகுலுக்க ஒரு தனி முறை என்று இருந்தார்கள். பிறகு ரகசியத்தை விட்டுவிட்டு, படிப்பில் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாக மாறியது. நீங்கள் படத்தில் பார்த்த ஃபிரட்டர்னிட்டி வீடுகளும் அதே வேரில் கிளைத்தவைதான். ஒரே தாத்தாவின் பேரன்கள், ஒருவன் ஆசிரியரானான், இன்னொருவன் கல்யாண மண்டபம் நடத்துகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் தொழில் வேறு.

டௌ பீட்டா பை இன்ஜினியரிங் மாணவர்களுக்கானது. 1885-இல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தார்கள். ஃபை பீட்டா கப்பா கலை, அறிவியல் மாணவர்களைத்தான் எடுத்தது, இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை, அதனால் இது பிறந்தது. மூன்றாம் ஆண்டில் வகுப்பின் முதல் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் அழைப்பு வரும். நான்காம் ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு. மதிப்பெண் மட்டும் போதாது, குணநலனையும் பார்த்துக் கிளையின் உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். 80 பேர் வகுப்பில் முதல் 10 பேருக்குள் உங்கள் மகள் இருக்கிறாள் என்பதை நாலு வரியில், பீட்சாவோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். இன்ஜினியர்களுக்கு விளம்பரம் எழுத வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெண்களை முழு உறுப்பினராக இந்தச் சங்கம் சேர்த்துக்கொண்டது 1969-இல்தான். அதுவரை தகுதியுள்ள பெண்களுக்கு ‘பெண்கள் பேட்ஜ்’ என்று தனியாக ஒன்றைக் கொடுத்து வாசலிலேயே நிறுத்தியிருந்தார்கள். மெக்கானிக்கல் வகுப்பில் இன்றைக்கும் பெண்கள் குறைவு. உங்கள் மகளும் அநேகமாக ஒரு ஆய்வகக் குழுவில் ஒரே பெண்ணாக இருந்து பழகியிருப்பாள். மேல் வகுப்புப் பெண்கள் சிலரை அந்த வியாழக்கிழமை அறையில் அவள் பார்க்கக்கூடும்.

சரி, தேய்க்கிற கதை. அந்தச் சங்கத்தின் சின்னம் ‘பென்ட்’ எனப்படும். ரயில் பாலங்களைத் தாங்கி நிற்கும் கால் சட்டத்தின் பெயர் அது. பல இன்ஜினியரிங் கல்லூரிகளின் வாசலில் அந்த வடிவத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு உலோகச் சிலை நிற்கும். வெயிலிலும் பனியிலும் கறுத்துப் போகும். சில கல்லூரிகளில் புதிதாகச் சேருகிறவர்கள் ஒரு சனிக்கிழமை கந்தல் துணியும் பாலிஷும் எடுத்துக்கொண்டு போய் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் பட்டறையைத் துடைக்கிற மாதிரி. நான் வேலை பார்க்கும் வளாகத்தில் அந்தப் பக்கமாக நடந்து போனபோது, கை முழுக்கக் கறுப்போடு நாலு பிள்ளைகள் ஒரு தேர்வுத்தாளின் மூன்றாம் கேள்வியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே தேய்த்ததைப் பார்த்திருக்கிறேன். ராகிங் அங்கே இல்லை. சண்டை தெர்மோடைனமிக்ஸைப் பற்றி.

கிரீன் கார்டு கணக்கு

நாத்தனார் மகன் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் கணக்கு தப்பு. நான் குடியேற்ற வழக்கறிஞர் இல்லை, என்றாலும் இந்த விதி எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட்டதுதான். ‘அசாதாரணத் திறமை’ உள்ளவர்களுக்கான இபி-1ஏ பிரிவில் பத்து அளவுகோல் உண்டு, குறைந்தது மூன்றைக் காட்ட வேண்டும். அதில் ஒன்று, சிறந்த சாதனை படைத்தவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது. அந்தச் சாதனையைத் துறையின் வல்லுநர்கள் எடைபோட்டிருக்க வேண்டும். படிப்பின் அளவை மட்டும் வைத்தோ, கட்டணம் கட்டியோ கிடைத்த உறுப்பினர் தகுதி இதில் சேராது. இளங்கலை மாணவியின் ஹானர் சொசைட்டிச் சான்றிதழ் அங்கே போய் நிற்காது, டௌ பீட்டா பையாகவே இருந்தாலும். வேலைக்கான எச்-1பி விசாவிலும் இதற்கு எந்தப் பங்கும் இல்லை.

இன்னொரு பலனையும் விளம்பரத்தில் போடுவார்கள். அங்கீகாரம் பெற்ற சொசைட்டியில் இருந்தால் அமெரிக்க மத்திய அரசு வேலையில் ஜிஎஸ்-5-க்குப் பதில் அதைவிட உயர்ந்த ஜிஎஸ்-7 சம்பள நிலையில் சேரலாம் என்று. உண்மைதான். ஆனால் அந்த வேலைகள் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களுக்கானவை, மாணவர் விசாவில் இருக்கும் உங்கள் மகளுக்கு ஆகாது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால் அவர்களும் அவசரப்பட வேண்டாம். பட்டப்படிப்பில் மொத்த ஜிபிஏ 3.0 இருந்தாலே அதே சலுகை கிடைக்கும். கடிதம் வருகிற அளவுக்குப் படிக்கிற பிள்ளைக்கு அது கையில் ஏற்கெனவே இருக்கும்.

காசும் நேரமும்

95 டாலர் என்றால் நம் காசில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். மாணவர் விசாவில் இருப்பவர்கள் பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். மணிக்கு 12 டாலர் என்று வைத்தாலும் எட்டு மணி நேரம் தட்டு கழுவ வேண்டும். ‘உறுப்பினர்களுக்கு லட்சக்கணக்கான டாலர் உதவித்தொகை’ என்று எழுதியிருப்பார்கள், போட்டியிடும் உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று எழுத மாட்டார்கள். கார் இன்சூரன்சில் தள்ளுபடி என்பார்கள், உங்கள் மகளிடம் கார் இருக்கிறதா? இரண்டு வாரக் கெடுவுக்கும் பயப்படாதீர்கள். நான் பார்த்த வரையில், கெடு முடிந்த மறுநாளே ‘உங்களுக்காக நீட்டித்திருக்கிறோம்’ என்று ஒரு மின்னஞ்சல் வரும்.

டௌ பீட்டா பையிலும் கட்டணம் உண்டு. கிளைக்குக் கிளை தொகை மாறும். சேரும்போது ஒரே ஒரு தடவை கட்டினால் ஆயுள் முழுக்க உறுப்பினர், வருடச் சந்தா கிடையாது. கையில் இல்லை என்றால் கிளையின் பேராசிரியரிடம் வெட்கப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். சில துறைகள் தாங்களே கட்டிவிடுவதும் உண்டு.

நேரமில்லை என்று அவள் சொல்வதை நான் நம்புகிறேன். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் அப்படித்தான். கோடையில் ஒரு நல்ல இன்டர்ன்ஷிப், மாணவர்களே ரேஸ் கார் செய்யும் ஃபார்முலா எஸ்ஏஇ போன்ற குழுவில் உண்மையான ஒரு பொறுப்பு, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இரண்டு பேராசிரியர்கள். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் ரெஸ்யூமேயில் முதலில் தேடுவது இவற்றைத்தான். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு இடைஞ்சல் என்றால் டௌ பீட்டா பையும் காத்திருக்கட்டும், நான்காம் ஆண்டிலும் அழைப்பு வரும். ஆனால் என் அனுபவத்தில் இது அவற்றுக்கு வழிதான் திறந்திருக்கிறது. ரெஸ்யூமேயில் அது ஒரே ஒரு வரி. எதிரே உட்கார்ந்திருப்பவரும் இன்ஜினியராக இருந்து, அவர் சட்டையிலும் ஒரு காலத்தில் அந்தச் சின்னம் இருந்திருந்தால், நேர்காணலின் முதல் ஐந்து நிமிடம் அந்த ஒரு வரியிலேயே ஓடும். இரண்டு தடவை என் மாணவர்களுக்கு இது நடந்திருக்கிறது. தங்க முத்திரை அமைப்பின் பெயரைப் போட்டவர்களிடம், ‘இது என்ன?’ என்று கேட்டதைத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

பொது சொசைட்டிகள் எல்லாமே வீண் என்றும் சொல்லமாட்டேன். 1897-இல் மெய்ன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபை கப்பா ஃபை எல்லாத் துறையினருக்கும் பொதுவானது, மரியாதையானது. இரண்டாண்டு கம்யூனிட்டி கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு 1918 முதல் இருக்கும் ஃபை தீட்டா கப்பா உதவும். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது அதன் உறுப்பினர்களுக்கென்றே உதவித்தொகை வைத்திருக்கும் இடங்கள் உண்டு. உங்கள் மகளுக்கு வந்ததில் இந்த இரண்டும் இல்லை.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே படிக்க வந்த முதல் வருஷம் எனக்கும் இப்படி ஒரு உறை வந்தது. கட்டினேன். ஆறு வாரம் கழித்துச் சான்றிதழ் வந்தது, என் அப்பாவின் பெயரில். நம் ஊர் இனிஷியலை விரித்து எழுதும்போது எது முதல் பெயர், எது கடைசிப் பெயர் என்று குழம்பி, என் பெயரை ஒரு எழுத்தாகச் சுருக்கி, அப்பாவை முழுதாகப் போட்டுவிட்டார்கள். மாற்றித் தரச் சொல்லி மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. அப்பா அதை ஃப்ரேம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். எஸ்எஸ்எல்சியோடு படிப்பை நிறுத்தியவர். வந்தவர்களிடம் எல்லாம், “அமெரிக்காவுல எனக்கே குடுத்தாங்க” என்பார். போட்ட காசுக்கு அந்தச் சிரிப்பு மிச்சம்.

அதனால் வாட்ஸ்அப் குழுவில் போட்டதற்காக நீங்கள் கூசவேண்டியதில்லை. பிள்ளை நன்றாகப் படிக்கிறாள், அம்மா சொல்லிக்கொள்கிறாள், அவ்வளவுதான். கேட்டால், ‘அதைவிட நல்லது ஒன்று வந்திருக்கிறது, அதைப் பற்றி யோசிக்கிறாள்’ என்று சொல்லிவிடுங்கள். பொய் இல்லை.

அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்டீர்கள். வைக்க வேண்டாம். உறையைக் குப்பையில் போட அவளுக்கே தெரிந்திருக்கிறது, அந்த விஷயத்தில் அவள் கணிப்பு சரி. மின்னஞ்சல் விஷயத்தில் மட்டும், நீங்கள் போட்ட தடையை நீங்களே எடுத்துவிடுங்கள். ‘நான் தப்பாகப் புரிந்துகொண்டேன், போய்ப் பார்த்துவிட்டு நீயே முடிவு செய்’ என்று சொன்னால் போதும். நேரமில்லை என்று அவள் சொன்னதில் எத்தனை பங்கு உண்மையான வேலை, எத்தனை பங்கு அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள் என்ற எண்ணம் என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியும்.

அந்த வியாழக்கிழமை போய்விட்டதா, இன்னும் வரவில்லையா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இன்று ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். அங்கே அப்போது காலை, வகுப்புக்குக் கிளம்புவதற்குள் பிடித்துவிடலாம். கூட்டம் முடிந்திருந்தாலும் கிளையின் செயலாளருக்கு இரண்டு வரி எழுதிக் கேட்கலாம். அநேகமாக அவரும் நாலு வரியில் பதில் போடுவார்.